ஒரு சொல் சொல்லித் தப்பினால் என்ன?

சென்ற மாதக் கூட்டம் முடிந்து அன்பர்கள் காபி அருந்திக்கொண்டிருந்த வேளையில், நம் சங்கத்து அம்மையார் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து ஒரு சங்கடத்தைச் சொன்னார். அவருடைய மகனுக்கு வயது 12. ஞாயிறு தோறும் கோயிலில் நடக்கும் ஞானோபதேச வகுப்பில், ஜப்பான் தேசத்திலே சிலுவையில் கொல்லப்பட்ட 26 வேதசாட்சிகளின் சரிதையை அன்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் 12 வயதுச் சிறுவன். பிள்ளை வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "அம்மா, அந்தப் பையன் வாயால் மட்டும் ஒரு சொல் இல்லையென்று சொல்லிவிட்டு, மனத்துக்குள்ளே சாமியை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாமே? நானாயிருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்" என்றானாம்.

"சரிதானப்பா என்று சொல்லவும் வாய் வரவில்லை; தப்பு என்று சொல்லவும் மனம் வரவில்லை. பெற்ற வயிறு அல்லவா? நீங்கள்தான் பத்திரிகையில் எழுதுகிறீர்களே அண்ணா, ஒரு பதில் சொல்லுங்கள்" என்று கேட்டார் அம்மையார்.

அன்று நாம் பதில் சொல்லவில்லை. காபி ஆறிவிட்டது என்று ஏதோ சொல்லி நழுவி வந்துவிட்டோம். ஆனால் கேள்வி நம்மை விடவில்லை. நம் சங்கத்தில் சைவரும் வைணவரும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் கலந்தே இருக்கிறோம். கேள்வி ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியது அன்று என்பதால், இம்மாதம் அதையே எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் ஒரு செய்தி. அந்த 26 பேரில் ஒருவர் நமக்கு அடுத்த வீட்டுக்காரர். மும்பையில் வாழும் நம்மவர் பலர் மேற்கு ரயில்வே வண்டியில் வசாய் ரோடு நிலையத்தைத் தாண்டியிருப்பார்கள். சிலர் அங்கேயே வீடும் வாங்கியிருக்கிறார்கள். அந்த வசாயில்தான், 1550களின் நடுவில், கொன்சாலோ கார்சியா பிறந்தார். தகப்பனார் போர்ச்சுக்கீசியர், தாயார் இந்நாட்டுப் பெண்மணி. 1534இல் குஜராத் சுல்தானிடமிருந்து போர்ச்சுக்கீசியர் கைக்கு வந்த ஊர் அது. 1739இல் மராத்தியர் அதைப் பிடித்தார்கள். கடலோரத்துக் கோட்டையும், அதற்குள்ளே கூரையிழந்து நிற்கும் கோயில்களும் இன்றும் இருக்கின்றன. அங்கே சேசு சபைக் குருக்களிடம் படித்த கொன்சாலோ, மீசை அரும்பும் வயதில் அவர்களோடு ஜப்பானுக்குக் கப்பலேறினார்.

ஜப்பானிய மொழியை அவர் அந்நாட்டார் போலவே பேசக் கற்றார். உபதேசியாராகப் பல ஆண்டுகள் உழைத்தார். சேசு சபையில் சேர வேண்டும் என்பதே அவர் ஆசை. ஆனால் சபை அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மனமுடைந்த அவர் வியாபாரத்தில் இறங்கினார். மக்காவோவில் வாணிகம் நன்றாகவே நடந்தது. பின்னர் மணிலாவுக்குப் போனார். அங்கே பிரான்சிஸ்கன் சபையார் அவரைச் சகோதரராக ஏற்றுக்கொண்டார்கள். ஊரை விட்டு வந்து, ஓரிடத்தில் கதவடைக்கப்பட்டு, வேறிடத்தில் தொழில் செய்து, மூன்றாவது ஊரில் தமக்குரிய இடத்தைக் கண்ட மனிதர் என்று அவரைச் சொன்னால், நம் அன்பர்களில் பலர் தலையசைப்பார்கள் என்று நினைக்கிறோம்.

1593இல் பிலிப்பைன்ஸ் தீவுகளின் ஸ்பானிய ஆளுநர், பெத்ரோ பாப்திஸ்தா என்ற குருவைத் தூதராக ஜப்பானுக்கு அனுப்பினார். உடன் சென்ற துபாஷி நம் வசாய்க்காரர். ஜப்பானை அப்போது தம் பிடியில் வைத்திருந்தவர் டொயோட்டோமி ஹிதேயோஷி. அவர் முன்னிலையில் நின்று ஸ்பானியரின் பேச்சை ஜப்பானிய மொழியில் எடுத்துச் சொன்னவர் கொன்சாலோவே. கியோட்டோ நகரில் தங்க இடம் கிடைத்தது. அவ்விடத்தில் ஒரு கோயிலையும், தொழுநோயாளருக்கு மருத்துவ இல்லத்தையும் அமைத்தார்கள். ஏழைச் சிறுவர் சிலர் பூசைக்கு உதவிக்கொண்டும், நோயாளருக்குப் பணிவிடை செய்துகொண்டும் அங்கேயே வளர்ந்தார்கள்.

பிறகு வந்த விபரீதத்துக்குச் சமயம் ஒன்றே காரணம் என்று சொன்னால் அது நேர்மையாகாது. வேதபோதகர்கள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று 1587இலேயே ஹிதேயோஷி ஆணையிட்டிருந்தார். ஆனால் அது கண்டிப்பாக நடத்தப்படவில்லை. 1596 அக்டோபரில் 'சான் பெலிப்பே' என்ற ஸ்பானியக் கப்பல் புயலில் சிக்கி ஷிகோக்கு தீவின் கரையில் ஒதுங்கியது. ஏராளமான சரக்கு, ஹிதேயோஷியின் அதிகாரிகள் அதைப் பறிமுதல் செய்தார்கள். அப்போது அக்கப்பலின் மாலுமி ஒருவன், தங்கள் மன்னர் முதலில் குருக்களையும் பின்னால் படையையும் அனுப்பித்தான் நாடுகளைப் பிடிக்கிறார் என்று மிரட்டியதாக ஒரு பேச்சு எழுந்தது. போர்ச்சுக்கீசியரும் ஸ்பானியரும், ஒரு சபையாரும் மறு சபையாரும், பழியை ஒருவர்மேல் ஒருவர் நெடுநாள் சுமத்திக்கொண்டார்கள். ஐரோப்பியர் கீழ்நாடுகளில் செய்ததை எண்ணிப் பார்த்தால், ஜப்பானிய அதிபதிக்கு உண்டான ஐயம் வெறும் கற்பனை என்றும் தள்ளிவிட முடியாது. வசாய்க் கோட்டையின் மதில்களே அதற்குச் சாட்சி. ஆயினும் பிடிபட்டவர்கள் கப்பல் தலைவர்கள் அல்லர். தச்சரும் வில் செய்பவரும் பூசைக்கு உதவும் சிறுவரும்!

1596 டிசம்பரில் கைது நடந்தது. பட்டியலை வைத்துக்கொண்டு சேவகர்கள் பெயர் பெயராக அழைத்தார்கள். மத்தியாஸ் என்ற பெயர் வந்தது. அந்த மத்தியாஸ் மடத்தின் சமையல்காரர். அப்போது வெளியே போயிருந்தார். கூவிக் கூவிப் பார்த்தார்கள், பதில் இல்லை. அருகில் குடியிருந்த ஒருவர் முன்வந்து, தமக்கும் பெயர் மத்தியாஸ்தான் என்றும், தேடப்படும் ஆள் தாம் இல்லையென்றாலும் தாமும் கிறிஸ்தவரே என்றும் சொன்னார். சேவகர்களுக்குக் கணக்கு சரியானால் போதும். அவரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள்.

இந்த மத்தியாஸை நாம் பல நாளாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மறுதலிக்க வேண்டிய தேவைகூட அவருக்கு இல்லை. கதவருகே நின்று வேடிக்கை பார்த்துவிட்டு உள்ளே போயிருந்தால் யாரும் பழி சொல்லியிருக்க மாட்டார்கள். இருந்தும் ஒரு சொல் சொன்னார். தம்பி தப்பிக்கச் சொல்லலாம் என்று நினைத்த அதே ஒரு சொல்தான், மறுபக்கமாக.

பிடிபட்ட 24 பேரின் மூக்கையும் காதுகளையும் அறுக்க வேண்டும் என்பது முதல் ஆணை. நிறைவேற்ற வேண்டிய இஷிதா மித்சுனாரி என்ற அதிகாரி சற்றே இரக்கமுடையவர். இடது காது மடலில் ஒரு பகுதியை மட்டும் அறுக்கச் செய்தார். 1597 ஜனவரியில் அந்தக் காயத்தோடு அவர்களை வண்டிகளில் ஏற்றிக் கியோட்டோவிலும் ஒசாக்காவிலும் சாக்காயிலும் ஊர்வலம் விட்டார்கள். பின்பு நாகசாகி வரை தரைவழிப் பயணம், ஏறக்குறைய 800 கிலோமீட்டர், கடுங்குளிர் காலம். கிறிஸ்தவர் மிகுந்த ஊர் நாகசாகி. அங்கே வைத்துக் கொன்றால்தான் மற்றவர்களுக்குப் புத்தி வரும் என்பது கணக்கு.

வேதசாட்சிகளின் படங்களில் சிலுவையும் ஈட்டியும்தான் பெரிதாக வரையப்பட்டிருக்கும். நம் மனத்தில் நிற்பது அந்த ஒரு மாத நடை. உணர்ச்சி வேகத்தில் ஒரு கணம் துணிந்துவிடுவது மனிதருக்குக் கைவரக்கூடியதே. போர்க்களத்திலும் வெள்ளத்திலும் பார்க்கிறோம். காலையில் எழுந்து, வீங்கிய காலை நிலத்தில் ஊன்றி, தன்னைக் கொல்லப்போகும் ஊரை நோக்கி இன்னும் இருபது நாள் நடை இருக்கிறது என்று அறிந்து நடப்பது வேறு. அந்த நடையில் கைதிகளின் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது. அவர்களுக்கு உணவும் உதவியும் தர வேண்டிக் கூடவே நடந்து வந்த இருவரையும் காவலர்கள் பிடித்துச் சேர்த்துக்கொண்டார்கள். 24 என்பது 26 ஆனது இப்படித்தான்.

வழியில் மிஹாரா என்ற கோட்டையில் ஓர் இரவு தங்கினார்கள். தோமாஸ் கொசாக்கி என்ற சிறுவன் அங்கிருந்து தன் தாய்க்கு ஒரு கடிதம் எழுதினான். அவனுடைய தகப்பனார் மிக்கேலும் கைதிகளில் ஒருவர். வில் செய்யும் தொழிலாளி. தங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றும், தம்பிமாரை விசுவாசத்தில் வளர்க்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தான். கடிதம் தாய்க்குப் போய்ச் சேரவில்லை. மரித்த தகப்பனாரின் உடையில், இரத்தக்கறையோடு அதைக் கண்டெடுத்தார்கள். ஊரிலிருந்து வரும் கடிதத்துக்காகத் தபால்காரரை எதிர்பார்த்த தலைமுறையைச் சேர்ந்த நமக்கு, சேராமற்போன கடிதம் என்றாலே நெஞ்சம் கனக்கிறது.

1597 பிப்ரவரி 5ஆம் நாள் நாகசாகியில் நிஷிசாக்காக் குன்றை அடைந்தார்கள். ஜப்பானியர் 20 பேர், ஸ்பானியர் நால்வர், மெக்சிக்கோவில் பிறந்தவர் ஒருவர், வசாய்க்காரர் ஒருவர். சிலுவைகள் வரிசையாகக் கிடந்தன. 'அறைந்தார்கள்' என்று நாம் வழக்கமாகச் சொன்னாலும், ஆணி அடிக்கவில்லை. இரும்பு வளையங்களாலும் கயிற்றாலும் பிணைத்து நிறுத்தினார்கள்.

அம்மையாரின் மகன் கேட்ட சிறுவன் இங்கேதான் வருகிறான். பெயர் லூயி இபராக்கி. கொலையை மேற்பார்க்க வந்த தெராசாவா ஹன்சபுரோ என்ற அதிகாரிக்கு இவனைப் பார்த்ததும் மனம் இளகியது. வேதத்தை விட்டுவிடு, உன்னை என்னிடமே வைத்துக் காப்பாற்றுகிறேன் என்றார். பையன் மறுத்துவிட்டான். தன் சிலுவை எது என்று கேட்டான். அந்தோனி என்ற 13 வயதுச் சிறுவனின் பெற்றோர் அந்தக் குன்றுக்கே வந்து அழுதார்கள். அவன் அவர்களைத் தேற்றினான். சிலுவையில் இருந்தபடியே சிறுவர்கள் சங்கீதம் பாடினார்கள். பவுல் மிக்கி என்ற ஜப்பானிய சேசு சபைச் சகோதரர் கூடியிருந்தவர்களுக்குக் கடைசிப் பிரசங்கம் செய்தார்; தம்மைக் கொல்ல ஆணையிட்டவரையும் கொல்பவர்களையும் மன்னிப்பதாகச் சொன்னார். பிறகு இருபுறமும் ஈட்டிகள்.

இதை எழுதும்போது நமக்குப் பெருமிதம் வரவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். கோபம் வருகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முன்னால் அப்படி ஒரு பேரத்தை வைக்கிற அதிகாரம் எந்த அரசுக்கும் இருக்கக்கூடாது. "அவன் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?" என்று கேட்கிறோமே ஒழிய, "அவனை ஏன் கேட்டார்கள்?" என்று கேட்பதில்லை. தம்பிக்கு நாம் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்.

அடுத்தது, அந்த ஒரு சொல். இந்தக் கேள்வி கிறிஸ்தவ சமயத்தில் மிகப் பழையது. கி.பி. 250இல் தேசியுஸ் என்ற ரோமைப் பேரரசர், குடிகள் எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட்டு அத்தாட்சிச் சீட்டு வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார். அத்தகைய சீட்டுகள் எகிப்து நாட்டு மணலில் இன்றும் கிடைத்திருக்கின்றன. பயந்து பலியிட்டவர்கள் பலர். பலியிடாமலே லஞ்சம் கொடுத்துச் சீட்டு வாங்கியவர்களும் உண்டு. (நம் நாட்டுக்கு மட்டும் உரிய கலை அன்று அது!) கார்த்தேஜ் நகரத்து ஆயர் சிப்பிரியான் அப்போது ஒளிந்துகொண்டார், அதற்காக ஏச்சும் வாங்கினார். ஆபத்து நீங்கியபின், விழுந்தவர்களை அடியோடு தள்ளிவிட வேண்டும் என்று ஒரு கட்சியும், உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மறு கட்சியும் நிற்க, தவம் செய்வித்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நடுவழி கண்டார். அதே சிப்பிரியான் 258இல் அடுத்த கலாபனை வந்தபோது ஒளியவில்லை. தலை வெட்டுண்டு மரித்தார். ஓடிப் பிழைப்பதைத் திருச்சபை பாவம் என்று சொன்னதில்லை. சாவைத் தேடிப் போவதைப் புகழ்ந்ததுமில்லை. கேட்கப்பட்டபோது என்ன சொன்னாய் என்பதே வினா.

தமிழில் நம் முன்னோர் 'வேதசாட்சி' என்று சொன்னது எவ்வளவு பொருத்தம்! 'மார்த்துஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் சாட்சி என்பதே பொருள். வீரன் என்பது அன்று, தியாகி என்பதும் அன்று. கண்டதைக் கண்டதாகச் சொல்பவன் சாட்சி. மிரட்டினால் மாற்றிச் சொல்பவனை நாம் என்னவென்று அழைப்போம் என்பது கோர்ட்டு வாசலை மிதித்தவர்களுக்குத் தெரியும். 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் வெட்டுண்ட அருளானந்தரையும், 1752இல் காற்றாடிமலையில் சுடப்பட்ட தேவசகாயம் பிள்ளையையும் நம் தெற்கத்திக் குடும்பங்கள் அந்தச் சொல்லால்தான் நினைவுகூர்கின்றன.

ஆனால் எல்லோராலும் முடிந்ததா? முடியவில்லை. ஜப்பானில் 1614இல் கிறிஸ்தவம் அடியோடு தடைசெய்யப்பட்டது. கொல்வதைவிட மறுதலிக்கச் செய்வதே மேல் என்று ஆட்சியாளர் விரைவில் கண்டுகொண்டார்கள். 1633 அக்டோபரில் நாகசாகியில் சிலரைக் குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். அவர்களில் சேசு சபைத் தலைவரான கிறிஸ்டோவாவோ பெரைரா ஐந்து மணி நேரத்தில் மறுதலித்தார். அவரோடு தொங்கிய நக்காவுரா ஜூலியன், இளம்வயதில் ரோமாபுரி சென்று வந்த முதியவர், மூன்று நாள் கிடந்து மரித்தார். எவரை எவரோடு ஒப்பிடுவது? ஐந்து மணி நேரத்தை இகழும் தகுதி, ஐந்து நிமிடம் தொங்கியிராத நமக்கு இல்லை.

அதற்குப் பின்தான் தம்பி சொன்ன வழியிலேயே நடந்தவர்கள் வருகிறார்கள். கிறிஸ்துவின் அல்லது மரியாளின் உருவம் பொறித்த தகட்டைக் காலால் மிதித்துக் காட்ட வேண்டும். நாகசாகியில் ஆண்டு தோறும் புத்தாண்டை ஒட்டி ஒவ்வொரு வீட்டாரும் மிதிக்க வேண்டும். மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள் மிதித்தார்கள். மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, 'கொஞ்சிரிசான்' என்ற உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். போர்ச்சுக்கீசியச் சொல் ஜப்பானிய நாவில் மருவியது அது. குருக்கள் இல்லை, கோயில் இல்லை. ஊருக்கு ஒருவர் ஞானஸ்நானம் கொடுத்தார். இன்னொருவர் திருநாள் கணக்கைக் காத்தார். குழந்தையை ஏந்திய கன்னோன் தேவியின் சிலையை மரியாளாக வணங்கினார்கள். தகப்பன் மகனுக்கும், அவன் தன் மகனுக்குமாக இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இப்படியே.

ஆகவே, தம்பி, நீ சொன்னதுபோல் செய்யலாம், செய்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நாம் கோழைகள் என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஒன்றைக் கவனி. வாயால் சொன்ன சொல் வெறும் காற்று என்று அவர்கள் ஒருநாளும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால், மிதித்துவிட்டு வந்து நிம்மதியாக உறங்கியிருப்பார்கள். ஆண்டுக்கு ஆண்டு, தலைமுறைக்குத் தலைமுறை, கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்க மாட்டார்கள். லூயி எந்தச் சொல்லைச் சொல்ல மறுத்தானோ, அதன் கனம் அவனைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

1862இல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் 26 பேருக்கும் புனிதர் பட்டம் அளித்தார். இந்திய மண்ணில் பிறந்து அப்பட்டம் பெற்றவர்களில் கொன்சாலோவே முதல்வர். அந்நிய வணிகர் நாகசாகியில் மீண்டும் குடியேற இசைவு கிடைத்திருந்த காலம் அது. பிரெஞ்சுக் குருக்கள் ஓவுரா என்ற இடத்தில் ஒரு கோயிலைக் கட்டி அந்த 26 பேர் பெயரால் அர்ச்சித்தார்கள். 1865 மார்ச் 17ஆம் நாள், உரக்காமிச் சிற்றூரிலிருந்து ஆணும் பெண்ணுமாகச் சிலர் அங்கே வந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று பெத்தீழான் என்ற குரு எண்ணினார். அவர் முழந்தாளிட்டிருக்கையில் ஒரு பெண்மணி அருகில் வந்து, தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். மரியாளின் சுரூபம் எங்கே என்று கேட்டாள்.

தடை அப்போதும் நீங்கியிருக்கவில்லை. சொன்ன அந்தச் சொல்லுக்காக உரக்காமி மக்கள் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் சில ஆண்டுகளில் நாடெங்கும் சிதறடிக்கப்பட்டார்கள், பலர் திரும்பவில்லை. 1873இல்தான் தடைப் பலகைகள் இறக்கப்பட்டன. ஓவுராக் கோயிலின் முகப்பு நிஷிசாக்காக் குன்றை நோக்கி அமைந்திருக்கிறது. குன்றின்மேல் 1962இல் எழுப்பிய நினைவுச் சுவரில் 26 வெண்கல உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. பெரியவர்களுக்கு இடையே சிறுவர்களின் உருவங்கள் மட்டும் தாழ்ந்து தெரியும்.

இவ்வளவையும் அம்மையார் வீட்டுக்கே போய்த் தம்பியிடம் சொன்னோம். முழுவதையும் கேட்டுவிட்டு, ஒப்புக்கொண்டதாகவும் காட்டவில்லை, மறுத்ததாகவும் காட்டவில்லை. வசாய்க் கோட்டைக்கு எந்த வண்டியில் போக வேண்டும் என்று மட்டும் கேட்டான். வரும் விடுமுறையில் அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறோம்.